வெந்தயமும் இரத்தக் கொழுப்பும்

(வானொலி வேளாண் ஒலிபரப்பில் சேவூர் பகுதி வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஆற்றிய உரை)

 

வழக்கமாக இந்த நேரத்தில் நெல்லுக்கு மேலுரம், வேர்க்கடலைக்கு ஜிப்சம், கரும்புக்குத் தண்ணீர் என்று பேசுவோம். இன்றைக்கு நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் இருக்கிற வெந்தயத்தைப் பற்றிப் பேசப்போகிறேன். வெந்தயத்தை எப்படிப் பயிர் செய்வது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால், வெந்தயம் சாப்பிட்டால் இரத்தத்தில் இருக்கிற கொலஸ்டிரால் என்ற கொழுப்பு குறையுமா, குறைய வேண்டுமானால் எவ்வளவு சாப்பிட வேண்டும், யார் சாப்பிடக் கூடாது என்பதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் இப்போதெல்லாம் உரம் கேட்டு வருகிறவர்களைப் போலவே, "சார், கொழுப்புக்கு வெந்தயம் நல்லதாமே?" என்று கேட்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள்.

கேட்பதில் நியாயம் உண்டு. சேவூரில் கழனியும் உண்டு, பட்டுத் தறியும் உண்டு. காலையில் தறியில் உட்கார்ந்தால் மாலை வரைக்கும் கையும் காலும் ஆடிக்கொண்டே இருக்கும். ஆனால் உட்கார்ந்த இடத்தை விட்டு உடம்பு நகராது. கழனிக்காரர் கதையும் மாறிவிட்டது. ஏற்றம் இறைத்த காலம் போய் மோட்டார் வந்தது. மாடு கட்டி உழுத இடத்தில் டிராக்டர் ஓடுகிறது. வரப்பில் நடந்து போனவர் மோட்டார் சைக்கிளில் போகிறார். வேலை மிச்சமாகிவிட்டது, சாப்பாடு மட்டும் அதே அளவில் இருக்கிறது. பட்டணத்து நோய் என்று சொல்லப்பட்ட மாரடைப்பு இன்று கிராமத்திலும் வருகிறது.

கொலஸ்டிரால் என்றால் என்ன?

கொலஸ்டிரால் என்றதும் அது ஏதோ விஷம் என்று நினைத்துவிட வேண்டாம். உடம்பில் உள்ள ஒவ்வொரு அணுவின் சுவருக்கும் அது வேண்டும். சில சுரப்பு நீர்களுக்கும், உணவைச் செரிக்க வைக்கிற பித்த நீருக்கும் அதுதான் மூலப்பொருள். நாம் சாப்பிடாவிட்டாலும் கல்லீரல் அதைத் தயார் செய்துகொள்ளும்.

தேவைக்கு மேல் போவதுதான் தொல்லை. கொலஸ்டிரால் எண்ணெய்ப் பசை உள்ளது. இரத்தம் தண்ணீர் போன்றது. இரண்டும் கலக்காது. அதனால் அதைச் சுமந்து செல்ல இரத்தத்தில் சுமைவண்டிகள் மாதிரி சில பொருட்கள் இருக்கின்றன. ஒரு வகை வண்டி கல்லீரலிலிருந்து கொழுப்பை ஏற்றிக்கொண்டு உடம்பெல்லாம் போகிறது. இந்த வண்டிகள் அளவுக்கு மேல் ஓடினால் வழியில் இரத்தக் குழாயின் சுவரிலேயே சுமையை இறக்கிவிடும். இதை எல்.டி.எல். என்கிறார்கள். மக்கள் வழக்கில் கெட்ட கொழுப்பு. இன்னொரு வகை வண்டி சிந்தியதைப் பொறுக்கிக் கல்லீரலுக்குத் திருப்பிக் கொண்டுவருகிறது. அது எச்.டி.எல்., அதாவது நல்ல கொழுப்பு.

பாசனக் குழாயின் உள்பக்கம் உப்புப் படிந்து வாய் சுருங்குவதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அதுபோல இதயத்துக்குப் போகிற குழாயில் கெட்ட கொழுப்பு படிந்து, ஒருநாள் அந்த இடத்தில் இரத்தம் உறைந்து அடைத்தால் மாரடைப்பு. மூளைக்குப் போகிற குழாயில் அடைத்தால் பக்கவாதம். படிகிற காலத்தில் வலி கிடையாது, காய்ச்சல் கிடையாது. இரத்தம் கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும். பொதுவாக மொத்தக் கொலஸ்டிரால் 100 மில்லி இரத்தத்தில் 200 மில்லிகிராமுக்குக் கீழே இருப்பது நல்லது. கெட்ட கொழுப்பு 100-க்குக் கீழே இருந்தால் நல்லது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களுக்கும் இன்னும் கீழே இருக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லுவார்.

ஒரு விஷயம் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கொலஸ்டிரால் பிராணிகளிடமிருந்து கிடைக்கும் உணவில் மட்டும்தான் உண்டு. செடியில் விளைகிற எந்த எண்ணெயிலும் அது சொல்லும்படியாக இல்லை. நம் வேர்க்கடலை எண்ணெயிலும் இல்லை, நல்லெண்ணெயிலும் இல்லை. ஆகவே 'கொலஸ்டிரால் இல்லாத எண்ணெய்' என்று புட்டியில் அச்சடித்திருந்தால் அதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் வனஸ்பதி, பாமாயில் போன்றவற்றில் உள்ள கெட்டிக் கொழுப்பு, நம் கல்லீரலைக் கெட்ட கொழுப்பு அதிகம் சேரும்படி செய்துவிடும். சுட்ட எண்ணெயிலேயே மறுபடி மறுபடி போடுகிற பஜ்ஜி, போண்டாவும் உடம்புக்கு ஆகாது.

வெந்தயம் என்ன செய்கிறது?

வெந்தயம் ஒரு பயறு வகைச் செடி. வேர்க்கடலைக்கும் துவரைக்கும் உறவு. அதன் விதையில் ஏறக்குறைய பாதி நார்ச்சத்து. அதிலும் ஒரு பங்கு தண்ணீரில் ஊறினால் கொழகொழவென்று பசையாக மாறும் நார். இரவில் ஊறவைத்துக் காலையில் விரலால் தொட்டுப் பார்த்தால் வழுக்குகிறதே, அந்தப் பசைதான் நமக்கு வேண்டிய சரக்கு. இதனுடன் கசப்பைத் தருகிற சப்போனின் முதலான பொருட்களும் சேர்ந்து வேலை செய்கின்றன.

எப்படி வேலை செய்கிறது? கல்லீரல் கொலஸ்டிராலை எடுத்துப் பித்த நீரின் உப்புக்களைத் தயார் செய்கிறது. அது குடலில் இறங்கிக் கொழுப்பைச் செரிக்க வைக்கிறது. வேலை முடிந்ததும் அதில் பெரும்பகுதி வீணாகாமல் குடலின் கடைசிப் பகுதியில் உறிஞ்சப்பட்டு மறுபடியும் கல்லீரலுக்கே போய்விடுகிறது.

இதை நம் கழனிக் கணக்கில் பாருங்கள். கிணற்றில் இறைத்த தண்ணீர் கழனியில் பாய்ந்து, ஊறி, அதே கிணற்றுக்குத் திரும்பி வந்துகொண்டே இருந்தால் கிணற்றில் மட்டம் இறங்குமா? இறங்காது. வரப்பை வெட்டி வடிகாலில் விட்டால் போன தண்ணீர் போனதுதான். அடுத்த பாய்ச்சலுக்குக் கிணற்றிலிருந்து புதிதாக இறைக்க வேண்டும். மட்டம் இறங்கும்.

வெந்தயப் பசை செய்வது இந்த வடிகால் வேலை. குடலில் பித்த உப்புக்களைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியே தள்ளிவிடுகிறது. திரும்பி வர வேண்டியது வராததால் கல்லீரல் புதிதாகப் பித்த நீர் தயாரிக்க இரத்தத்திலிருந்து கெட்ட கொழுப்பை இழுத்துக்கொள்கிறது. இரத்தத்தில் மட்டம் இறங்குகிறது. சாப்பாட்டில் வந்த கொழுப்பு உறிஞ்சப்படுவதையும் இந்தப் பசை கொஞ்சம் தாமதப்படுத்தும். வெந்தயம் சர்க்கரை நோய்க்காரர்களுக்கு உதவுவதும் ஏறக்குறைய இதே வழியில்தான்.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது?

பாட்டி சொன்னாள் என்பதோடு நிற்காமல் இதைச் சோதித்துப் பார்த்தவர்கள் நம் நாட்டிலேயே இருக்கிறார்கள். ஐதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இருக்கிறது. அது பிறந்தது நம் தமிழ்நாட்டில். 1918-இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில், பெரிபெரி என்ற நோயை ஆராய ஒரே ஒரு அறையில் தொடங்கிய ஆய்வுக்கூடம் அது. மெக்காரிசன் என்ற மருத்துவர் தொடங்கினார். தவிடு நீக்கித் தீட்டிய அரிசியை மட்டும் நம்பியிருந்தவர்களுக்கு வந்த நோய் பெரிபெரி. 1958-இல் ஆய்வுக்கூடம் ஐதராபாத்துக்குப் போயிற்று.

அங்கே ஆர்.டி. சர்மா, டி.சி. ரகுராம் முதலிய விஞ்ஞானிகள் 1980-களில் வெந்தயத்தைக் கையில் எடுத்தார்கள். முதலில் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கொலஸ்டிரால் குறைந்தது. பிறகு மனிதர்கள். 1990-இல் வெளியான ஆய்வில், இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிற சர்க்கரை நோயாளிகளுக்கு எண்ணெய் நீக்கிய வெந்தய மாவு நாளொன்றுக்கு 100 கிராம், மதியமும் இரவுமாகப் பிரித்து, பத்து நாள் கொடுத்தார்கள். மொத்தக் கொலஸ்டிராலும் கெட்ட கொழுப்பும் டிரைகிளிசரைடு என்ற இன்னொரு கொழுப்பும் இறங்கின. நல்ல கொழுப்பு இறங்கவில்லை. அது முக்கியமான சங்கதி. களை மட்டும் போயிற்று, பயிருக்குச் சேதமில்லை என்பது போல.

100 கிராம் என்பது வீட்டில் தினமும் சாப்பிடக்கூடிய அளவல்ல. அதனால் அளவைக் குறைத்து, 60 சர்க்கரை நோயாளிகளுக்கு நாளொன்றுக்கு 25 கிராம் வீதம் 24 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். 1996-இல் வந்த அந்த ஆய்விலும் கொலஸ்டிரால் இறங்கியது.

1999-இல் சௌம்யா, ராஜ்யலட்சுமி என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. கொலஸ்டிரால் அதிகமுள்ள, 50 முதல் 65 வயதுக்குட்பட்ட 20 பேருக்கு முளை கட்டிக் காயவைத்துப் பொடித்த வெந்தயத்தை ஒரு மாதம் கொடுத்தார்கள். நாளுக்கு 12.5 கிராம் ஒரு பிரிவுக்கு, 18 கிராம் இன்னொரு பிரிவுக்கு. 18 கிராம் சாப்பிட்டவர்களுக்குத்தான் மொத்தக் கொலஸ்டிராலும் கெட்ட கொழுப்பும் தெளிவாக இறங்கின.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் அளவு. ஏக்கருக்கு ஒரு மூட்டை உரம் தேவைப்படுகிற இடத்தில் ஒரு கைப்பிடி தூவிவிட்டு 'உரம் போட்டேன், பயிர் எழும்பவில்லை' என்று சொன்னால் ஒப்புக்கொள்வோமா? தாளிப்பில் போடுகிற கால் ஸ்பூன் வெந்தயம் குழம்புக்கு வாசனை தரும். இரத்தக் கொழுப்பை அது ஒன்றும் செய்யாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிற்காலத்தில் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். கொலஸ்டிரால் குறைகிறது என்றுதான் அவையும் காட்டுகின்றன. ஆனால் பல ஆய்வுகள் சில பேரை வைத்து, சில வாரங்கள் நடந்தவை. வெந்தயம் சாப்பிட்டவருக்கு மாரடைப்பே வராது என்று எந்த ஆய்வும் நிரூபிக்கவில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

எவ்வளவு, எப்படிச் சாப்பிடுவது?

நாளொன்றுக்கு 25 கிராம், இரண்டு வேளையாகப் பிரித்து என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் சொல்லும் தொடக்க அளவு. தராசு இல்லாத வீட்டுக்கு எளிய கணக்கு ஒன்று சொல்கிறேன். மளிகைக் கடையில் 100 கிராம் வெந்தயப் பொட்டலம் வாங்குங்கள். ஒருவருக்கு அது நாலு நாளில் தீர வேண்டும். அதுதான் 25 கிராம் கணக்கு.

முதல் நாளே முழு அளவில் ஆரம்பித்தால் வயிறு உப்பும், பேதியும் ஆகலாம். ஆகவே முதல் வாரம் காலையில் ஒரு தேக்கரண்டி மட்டும். அடுத்த வாரம் இரண்டு வேளையும் ஒவ்வொரு தேக்கரண்டி. வயிறு பழகப் பழகக் கூட்டிக்கொள்ளுங்கள். எந்த அளவில் வயிறு தொல்லை கொடுக்கிறதோ அதற்கு ஒரு படி கீழே நிறுத்திக்கொள்ளலாம்.

இரவில் ஊறவைத்துக் காலையில் மென்று சாப்பிடலாம். சிலர் ஊறிய தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு விதையைக் கொட்டிவிடுகிறார்கள். நார் பெரும்பாலும் விதையில்தான் இருக்கிறது. தண்ணீரைக் குடித்து விதையைக் கொட்டுவது, நெல்லைக் கொட்டிவிட்டு வைக்கோலை வீட்டுக்குக் கொண்டுபோவது மாதிரி. விதையையும் சேர்த்துச் சாப்பிடுங்கள். மெல்ல முடியாத வயதானவர்கள் பொடி செய்து மோரில் கலந்து, சாப்பாட்டுக்குக் கால் மணி நேரம் முன்னால் குடிக்கலாம். பொடியை வெறும் வாயில் போட்டு விழுங்கக் கூடாது. தொண்டையில் ஒட்டி உப்பிவிடும். எப்படிச் சாப்பிட்டாலும் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும்.

கசப்பு பிடிக்காதவர்கள் சமைத்தே சாப்பிடலாம். 1986-இல் சர்மா அவர்கள் சர்க்கரை நோய் குறித்துச் செய்த ஆய்வில், வேகவைத்த வெந்தய விதையும் பலன் கொடுத்தது. பசையை நீக்கிய விதைக்குப் பலன் மிகவும் குறைந்துவிட்டது. வேகவைத்த வெந்தயக் கீரைக்கு அந்தப் பலனே தெரியவில்லை. கீரை நல்ல உணவுதான், சாப்பிடுங்கள். ஆனால் விதை செய்கிற வேலையைக் கீரை செய்யும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

ஆகவே இட்லி, தோசைக்கு அரைக்கும்போது வெந்தயத்தைக் கூட்டிப் போடலாம். கேழ்வரகு களி கிளறும்போது வெந்தய மாவு கலக்கலாம். வெந்தயக் கஞ்சி வைக்கலாம். ஆனால் வெந்தயக் களி என்று கிளறி, வெல்லத்தையும் எண்ணெயையும் குழி நிறைய ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு 'மருந்து சாப்பிட்டேன்' என்று சொல்லக் கூடாது.

முளை கட்டினால் கசப்பு குறையும் என்பதால் பலருக்கு அது பிடிக்கிறது. இதில் சுத்தம் முக்கியம். 2011-இல் ஜெர்மனி நாட்டில் முளைப்பயறு சாப்பிட்ட ஆயிரக்கணக்கானவர்களுக்கு இரத்த பேதி வந்தது. ஐம்பது பேருக்கு மேல் இறந்துபோனார்கள். தேடிப் பார்த்தபோது எகிப்திலிருந்து வாங்கிய வெந்தய விதையிலிருந்துதான் கிருமி வந்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். ஈரமும் வெதுவெதுப்பும் விதையை முளைக்க வைக்கிற மாதிரியே கிருமியையும் பெருக வைக்கும். ஆகவே நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை கழுவி, சுத்தமான துணியில் கட்டி, முளைத்ததும் வேகவைத்தோ, காயவைத்து வறுத்துப் பொடித்தோ சாப்பிடுங்கள். குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் பச்சை முளையைக் கொடுக்க வேண்டாம்.

மாத்திரையை நிறுத்தலாமா?

நான் இன்று பேச வந்ததற்கு முக்கியக் காரணம் இதுதான். கொஞ்ச நாளைக்கு முன் வயதான நெசவாளர் ஒருவர் வேளாண்மை விரிவாக்க மையத்துக்கு வந்தார். "சார், விதைக்கு வச்சிருக்கிற வெந்தயத்துல அரை கிலோ குடுங்க" என்றார். "எத்தனை சென்ட்ல போடப்போறீங்க ஐயா?" என்று கேட்டேன். "விதைக்கிறதுக்கு இல்ல சார், சாப்பிடறதுக்கு. விதைன்னா நல்ல சரக்கா இருக்குமே. ஒரு மாசமா வெந்தயம்தான். டாக்டர் குடுத்த மாத்திரையை நிறுத்திட்டேன்" என்றார். விசாரித்தால், இரண்டு வருஷத்துக்கு முன் மாரடைப்பு வந்து இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர் அவர்!

பெரியவர் ஒரே பேச்சில் இரண்டு ஆபத்தைச் சொன்னார். முதலில் மாத்திரை.

கொலஸ்டிராலுக்குக் கொடுக்கிற ஸ்டேட்டின் மாத்திரை கல்லீரலில் கொலஸ்டிரால் தயாராவதையே குறைக்கிறது. கிணறு, வடிகால் கணக்கில் சொன்னால், அது ஊற்றுக்கண்ணையே சுருக்குகிற வேலை. அது வெந்தயத்தைவிடப் பலமடங்கு வலுவானது. மாரடைப்பையும் பக்கவாதத்தையும் குறைக்கிறது என்று பெரிய பெரிய ஆய்வுகளில், பல ஆண்டுகள் பார்த்து உறுதி செய்திருக்கிறார்கள். ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு இதனுடன் இரத்தம் உறையாமல் இருக்கவும் மாத்திரை கொடுப்பார்கள். அதைச் சட்டென்று நிறுத்தினால் ஸ்டென்டிலேயே இரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும். வெந்தயத்தால் அதைத் தடுக்க முடியாது.

'மாத்திரை இங்கிலீஷ் மருந்து, வெந்தயம் இயற்கை' என்று சிலர் பிரித்துப் பேசுகிறார்கள். அந்த மாத்திரை எங்கிருந்து வந்தது தெரியுமா? ஜப்பானில் அகிரா எண்டோ என்ற விஞ்ஞானி, ஒரு விவசாயக் குடும்பத்துப் பிள்ளை, 1970-களின் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கான பூஞ்சாணங்களைச் சோதித்துப் பார்த்தார். கியோட்டோ நகரத் தானியக் கடை ஒன்றின் அரிசியிலிருந்து எடுத்த பூஞ்சாணத்தில்தான் முதல் ஸ்டேட்டின் கிடைத்தது. அரிசியில் பூத்த பூசணம் கொடுத்த மருந்து அது. அதற்கும் வெந்தயத்துக்கும் சண்டை ஒன்றும் இல்லை. மாத்திரையோடு வெந்தயமும் சாப்பிடலாம். ஆனால் மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள். வெந்தயப் பசை மாத்திரையைச் சுற்றிக்கொண்டால் உடம்பில் சேருவது தாமதமாகும். ஆகவே மாத்திரைக்கும் வெந்தயத்துக்கும் நடுவில் இரண்டு மணி நேரம் இடைவெளி இருக்கட்டும்.

மாத்திரை இன்னும் ஆரம்பிக்காதவர், கொழுப்பு சற்றே கூடியிருக்கிறவர் என்றால் வெந்தயமும் நடையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் நல்ல தொடக்கம். ஆனால் ஆரம்பிக்கும் முன் ஒரு இரத்தப் பரிசோதனை, மூன்று மாதம் கழித்து இன்னொரு பரிசோதனை. மண் பரிசோதனை செய்யாமல் உரம் போடாதீர்கள் என்று நான் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்! அதே நியாயம்தான் இதற்கும். பரிசோதனையை எங்கே எடுப்பது என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள், வழி சொல்வார்கள்.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்களுக்கு வெந்தயம் சேரும்போது சர்க்கரை அதிகமாக இறங்கி மயக்கம் வரலாம். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு அந்த மருந்தின் வேகம் கூடிப்போகலாம். இந்த இரண்டு பேரும் மருத்துவரைக் கேட்காமல் 25 கிராம் கணக்கில் இறங்கக் கூடாது. கர்ப்பிணிப் பெண்கள் சமையலில் சேர்க்கிற அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். வேர்க்கடலை, கொண்டைக்கடலை சாப்பிட்டால் தடிப்பு, மூச்சுத்திணறல் வருகிறவர்களுக்கு, அதே குடும்பமான வெந்தயமும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். வியர்வையிலும் சிறுநீரிலும் வெந்தய வாசனை வருவதைக் கண்டு பயப்பட வேண்டாம். அது இயல்பு.

விதை வெந்தயத்தைத் தின்னாதீர்கள்

பெரியவர் சொன்ன இரண்டாவது ஆபத்து விதை. விதைக்கு என்று விற்கிற பையில் பூஞ்சாணக் கொல்லி மருந்து கலந்திருக்கலாம். நிறம் ஏற்றியிருந்தாலும் ஏற்றாவிட்டாலும், விதைநேர்த்தி செய்த விதையை மனிதரும் தின்னக் கூடாது, மாட்டுக்கும் கோழிக்கும் போடக் கூடாது. கழுவினால் போய்விடும் என்பதும் தவறு. விதைத்தது போக மீதியிருந்தால் அதைச் சமையலறைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். சாப்பிட மளிகைக் கடை வெந்தயம், விதைக்க விதை வெந்தயம். இரண்டையும் ஒரே டப்பாவில் போடாதீர்கள்.

நாலு சென்டில் ஒரு வருஷத்து வெந்தயம்

வெந்தயம் ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், குஜராத் பக்கம் பெருவாரியாக விளைகிறது. நம் பக்கம் அதை வியாபாரப் பயிராகப் போடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. வீட்டுக்கு வேண்டியதை நாமே விளைத்துக்கொள்ளலாம். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 1, கோ 2 என்ற இரகங்கள் நமக்கு ஏற்றவை. ஏறக்குறைய மூன்று மாதப் பயிர்.

கணக்கைப் பாருங்கள். எக்டேருக்கு 500 முதல் 700 கிலோ விதை மகசூல் என்பது நல்ல விளைச்சல். அதைச் சென்டுக்கு வகுத்தால் இரண்டு முதல் இரண்டே முக்கால் கிலோ. ஒருவருக்கு நாளுக்கு 25 கிராம் வீதம் வருஷத்துக்கு ஒன்பது கிலோ வேண்டும். ஆக நாலு சென்ட் போட்டால் ஒருவருடைய வருஷத் தேவை கைக்கு வந்துவிடும். எக்டேருக்கு 12 கிலோ விதை என்ற கணக்கில் நாலு சென்டுக்கு 200 கிராம் விதை போதும்.

குளிர்ச்சி பிடித்த பயிர் இது. பெருமழை விட்ட பிறகு கார்த்திகையில் போடலாம். தண்ணீர் தேங்காத, வடிகால் உள்ள மண்ணாகப் பாருங்கள். தேங்கினால் வேர் அழுகிவிடும். கிலோவுக்கு 4 கிராம் டிரைகோடெர்மா விரிடி கலந்து விதைநேர்த்தி செய்தால் வேரழுகல் குறையும். ரசாயன மருந்தும் வேண்டியிருக்காது. நன்கு மக்கிய தொழு உரம் இட்டுப் பாத்தி கட்டி, வரிசைக்கு வரிசை ஒரு சாண் இடைவெளி விட்டு மேலாக விதையுங்கள். விதைத்ததும் ஒரு தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த் தண்ணீர், பிறகு வாரம் ஒருமுறை அல்லது பத்து நாளைக்கு ஒருமுறை போதும்.

இருபது, இருபத்தைந்து நாளில் நெருக்கமாக உள்ள செடிகளைக் கலைத்துப் பிடுங்கினால் அதுவே கீரை. மீதியைக் காய்க்க விடுங்கள். இலை மேல் வெள்ளை மாவு தூவியது போலச் சாம்பல் நோய் கண்டால், நனையும் கந்தகத்தூளை லிட்டருக்கு 2 கிராம் கலந்து தெளிக்கலாம். தெளித்த பயிரில் கீரை பறிக்க வேண்டாம். 90 முதல் 100 நாளில் காய்கள் மஞ்சளாகிச் செடி காயத் தொடங்கியதும் பிடுங்கி, காயவைத்து, தட்டி எடுங்கள். விதை நன்றாகக் காய்ந்தால்தான் பூசணம் பிடிக்காது. வேர்க்கடலையைப் போலவே இதன் வேர் முடிச்சுகளும் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும். அடுத்த பயிருக்கு அது லாபம்.

கடைசியாகச் சில வார்த்தைகள்

வெந்தயம் மட்டும் எல்லாவற்றையும் செய்துவிடாது. தறியில் இருப்பவர்கள் மணிக்கு ஒருமுறை எழுந்து தெருக்கோடி வரை நடந்துவிட்டு வாருங்கள். கழனிக்குப் போகிறவர்கள் வண்டியைச் சாலையிலேயே நிறுத்திவிட்டு வரப்பில் நடங்கள். பீடி, சிகரெட், வாயில் அடக்குகிற புகையிலை இவற்றை விட்டுவிடுங்கள். புகையிலை இருக்கிற வரைக்கும் வெந்தயம் தோற்றுக்கொண்டேதான் இருக்கும். நெஞ்சில் பாரம், இடது கையில் வலி, திடீர் வியர்வை, மூச்சுத்திணறல் வந்தால் வாயு என்று சொல்லி வெந்தயத்தை மென்றுகொண்டு உட்கார்ந்திருக்காமல் 108-க்குப் போன் செய்யுங்கள். அந்த நேரத்தில் ஒவ்வொரு நிமிஷமும் உயிர்.

அந்த நெசவாளர் அன்றைக்கே பேருந்து ஏறி ஆரணிக்குப் போய் மருத்துவரைப் பார்த்தார். மாத்திரையை மறுபடி ஆரம்பித்தார். மருத்துவர் அனுமதியோடு மளிகைக் கடை வெந்தயமும் சாப்பிடுகிறார்.

சுருக்கமாகச் சொன்னால்: வெந்தயம் இரத்தக் கொழுப்பைக் குறைக்கும், ஆனால் கிள்ளிப் போட்டால் குறைக்காது, நாளுக்கு 25 கிராம் வரை, சிறுகச் சிறுகக் கூட்டிச் சாப்பிட வேண்டும். விதையையும் சேர்த்துச் சாப்பிட வேண்டும். மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்தக் கூடாது. விதைநேர்த்தி செய்த விதையை வாயில் வைக்கக் கூடாது. ஆரம்பிக்கும் முன்னும், மூன்று மாதம் கழித்தும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

இதைக் கேட்ட நீங்கள், வீட்டில் மாத்திரை சாப்பிடுகிற பெரியவர்கள் யாராவது இருந்தால், "மாத்திரை ஒழுங்கா சாப்பிடறீங்களா?" என்று இன்றைக்கே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.